போட்டோக்காரர் நாற்காலி

பழைய சாமான் வாங்கலாமா, புதுசு வாங்கலாமா என்று கேட்டீர்கள். புது வீட்டுக்குக் குடிபோகப் போகிறீர்கள், கூடத்தில் நாலு நாற்காலி போட வேண்டும் என்று ஆசை, அதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்தால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கும் பேய்க்கும் ரொம்ப தூரம். நாகப்பட்டினத்தில் என் அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால், வயிற்றில் பூச்சி இருக்கும் மருந்து கொடுங்கள் என்பார். அவர் பெண் நான் வேறு எப்படி இருப்பேன்? கல்யாணமாகி, கப்பலேறி இந்த ரப்பர் சீமைக்கு வந்து, இந்தப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம் வைத்தபோது அடுத்த வீட்டுக்காரி வந்து ஆலமரத்தடியில் முனி நிற்கிறது, பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகாதே என்றாள். "நிக்கட்டும்க்கா, கால் வலிச்சா தானா உக்காரும்" என்று சொன்னேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட வாய் எனக்கு.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன், சொல்லிப் பழக்கமில்லை, ஒரே ஒரு தரம் சொன்னேன், அது பின்னால் வரும். அவர் அப்போது எப்படி இருப்பார் தெரியுமா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். குளிக்கப் போனால் பாட்டு. அடுத்த வரிசை வீட்டுக்காரர்கள் கூட "சார் குளிக்கறாரு, மணி என்னன்னு பாரு" என்று கேலி செய்வார்கள். இந்த ஊரில் எனக்கு அவரை விட்டால் நாதி கிடையாது. பெற்றவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம், பிள்ளை குட்டியும் அப்போது இல்லை. அவர் பேச்சும் பாட்டும்தான் அந்த வீட்டில் எனக்குத் துணை.

அவருக்கு வேலையில் உயர்வு வந்தது, பெரிய குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். சிமெண்டுத் தரை போட்ட கூடம். அதில் எங்கள் பாயையும் டிரங்குப் பெட்டியையும் வைத்தால் கூடம் எங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. "பாய் போதாதா? உக்காந்தா கீழ விழ பயமில்ல" என்றார் அவர். ஆபீசிலிருந்து யாராவது வந்தால் தலையிலா உட்காரவைப்பது என்று சண்டை போட்டு, சாமான் பார்க்க நானே கிளம்பினேன்.

எனக்குச் சாமான் பார்க்கத் தெரியும், அதில் எனக்குக் கர்வமே உண்டு. மேஜையைத் தட்டிப் பார்ப்பேன், கவிழ்த்துப் பார்ப்பேன், இழுப்பறையைத் திறந்து மோந்து பார்ப்பேன். பூச்சி அரித்த மரம் மோந்தாலே தெரிந்துவிடும். பின்தெருவில் சீனத் தச்சர் கடை இருந்தது. எல்லாம் புதுசு, உறுதி, ஆனால் பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. கிள்ளானில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, அவர் வீட்டிலிருந்து வந்த கருப்பு மர நாற்காலிகளைப் பார்த்தேன், முதுகில் பளிங்குக்கல் பதித்து யானை மாதிரி இருந்தன, அதில் இரண்டைப் போட்டால் எங்கள் கூடத்தில் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். பிறகு லேலோங், அதான் ஏலக்கடை, அங்கே போனேன். ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம், வாரத்துக்கு ஒரு வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வரும். ஒரு கண்ணாடி அலமாரியும் சின்ன டீப்பாயும் எடுத்தேன். இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன, ஒரு குறையும் கிடையாது. அதனால் பழைய சாமான் என்றாலே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலி விஷயம் வேறு.

அதை நான் கடையில் பார்ப்பதற்கு முன்னாலேயே படத்தில் பார்த்திருந்தேன். கிள்ளானில் பாக்கியம் அக்கா என்று ஒருவர், என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அவர் வீட்டுச் சுவரில் அவர் அப்பா படம் மாட்டியிருக்கும். தலைப்பாகை, கோட்டு, தோளில் சரிகைத் துண்டு, இரண்டு கையும் முழங்காலில், கண்ணை அகல விழித்து நேராகப் பார்ப்பார். உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் முதுகு தலைக்கு மேலே உயர்ந்திருக்கும், முழுக்க கொடி கொடியாகத் துளைத்துச் செதுக்கிய வேலை, உச்சியில் இரண்டு கிளி, அதில் ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். அதே நாற்காலியில், அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு, செந்தூலில் ஒரு கங்காணி வீட்டுப் பெரியவர். அம்பாங் பக்கம் ஒரு வீட்டில் ஒரு கிழவி, பட்டுப்புடவையில். எல்லாப் படத்துக்கும் மாலை போட்டிருந்தது. செத்துப்போனவர்கள் என்று தெரியும், பெரியவர்கள் படத்துக்கு மாலை போடுவது வழக்கம்தானே. என்ன மிடுக்கு, நாற்காலி என்றால் இதுவல்லவா நாற்காலி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் படங்களை எல்லாம் எடுத்த போட்டோக்காரர் வேலாயுதம் கண் மங்கிப்போய், கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். நாற்காலி கடையின் பின்பக்கம் ஒரு மூலையில், சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"இது வேணாம்மா. வீட்டுல போடறதுக்கு இது ஆகாது" என்றார்.

"ஏன், எங்க வீட்டுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு சொல்லலம்மா. அந்தப் பிரம்பு நாற்காலிய எடுத்துக்குங்க. கல்யாண ஜோடிங்க எல்லாம் அதுலதான் உக்காந்தாங்க, ராசியானது."

"எனக்கு இதுதான் வேணும். இதுல யார் யார் உக்காந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பாக்கியம் அக்காவோட அப்பா, செந்தூல் பெரியவர், எல்லாரையும் படத்துல பார்த்திருக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சேதான் கேக்கறீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"பயமில்லையாம்மா?"

"எனக்கா? நல்லா கேட்டீங்க போங்க. நாற்காலிக்கு யாராவது பயப்படுவாங்களா?"

பெரிய மனிதர்கள் உட்கார்ந்ததில் குமாஸ்தா வீட்டாருக்கு உட்காரத் துணிச்சல் வருமா என்று கேட்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். மாட்டுவண்டியில் ஏற்றும்போது சாக்கை எடுத்து மறுபடியும் ஒழுங்காகப் போர்த்திவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். உட்காரும் பலகை புதுசு மாதிரி இருந்தது. கை வைக்கிற இடத்திலும் தேய்மானமே இல்லை. ஆனால் முதுகுப் பக்கம், கொடிகளுக்கு நடுவே இடுப்பு உயரத்தில், பாலிஷ் தேய்ந்து ஒரு கோடு மாதிரி வெளுத்திருந்தது. வண்டியில் கயிறு கட்டினதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பார்க்கத் தெரியும் என்று பீற்றிக்கொண்டேனே, அந்தப் பார்வையின் லட்சணம் அவ்வளவுதான்.

முதல் நாள் என் வீட்டுக்காரர், "மூக்கறுந்த கிளிய எங்க புடிச்ச?" என்று கேலி பண்ணிக்கொண்டே உட்கார்ந்தார், எழுந்தார். அடுத்த நாள் சாயங்கால மழை. உங்களுக்குத் தெரியாததா, இந்த ஊரில் மூன்று நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டுமே, அந்த மழை. காலை வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். காபி கலந்து எடுத்துப் போனேன். நாற்காலியில் முதுகு ஒட்ட நேராக உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் முழங்காலில். கண் திறந்திருந்தது. "என்னங்க" என்றேன், பதில் இல்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று டீப்பாயில் வைத்துவிட்டு வந்தேன். மழை விட்டதும் எழுந்து வந்து, "காபி எங்க?" என்கிறார்.

"வச்சுட்டு வந்தேனே, ஆறிப் போயிருக்கும்."

"அப்படியா? கொஞ்சம் கண் அசந்துட்டேன் போல."

"கண்ணைத் தொறந்துக்கிட்டா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நம்பினால் நம்புங்கள், மழை பிடித்துக்கொண்டால் அவர் கால் தானாக அந்த நாற்காலிக்குப் போகும், மழை விடும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஓர் ஈ வந்து இமையில் உட்கார்ந்தது, இமை ஆடவில்லை. நான்தான் விரட்டினேன். வெளியே எங்கேயோ மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் பளீரென்று அடித்தது, இடி கேட்கவில்லை. கூடத்தில் ஏதோ கருகின நெடி வந்தது. அடுப்பில் எதையோ விட்டுவிட்டேன் என்று ஓடினால் அடுப்பு அணைந்து கிடக்கிறது.

மெல்ல மெல்ல அவர் மாறிப்போனார். வாசலில் பேச்சு நின்றது. குளிக்கும்போது பாட்டு நின்றது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். தொட்டால் கை ஜில்லென்று இருக்கும், அப்போதுதான் கிணற்றிலிருந்து இழுத்த வாளியைத் தொட்ட மாதிரி. நான் கம்பவுண்டர் மகள் அல்லவா, மலேரியா என்று முடிவு கட்டி கொய்னா கொடுத்தேன். ரயில்வே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குழல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, லீவு போட்டு ஓய்வெடுக்கட்டும் என்றார். ஓய்வாம்! ஓய்வெடுத்துத்தானே மனிதர் இப்படி ஆகிக்கொண்டிருந்தார்.  இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இந்த ஊரில் யாரிடம் போய் நிற்பேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு தரம் நானே அதில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினேன். இடுப்பில் ஏதோ இறுக்கின மாதிரி இருந்தது, புடவையை இறுக்கிக் கட்டிவிட்டேன் என்று எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் பாக்கியம் அக்கா தம்பியைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார். உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். என் வீட்டுக்காரர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அந்தக் கவலையிலும் என் பெருமை போகவில்லை பாருங்கள், வாசலிலேயே, "அக்கா, உள்ள வந்து பாருங்க, உங்கப்பா உக்காந்த நாற்காலி இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு" என்றேன்.

பாக்கியம் அக்கா கூடத்தில் காலை வைத்தார். நாற்காலியைப் பார்த்தார். அப்படியே பின்வாங்கி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி, இதை யாருடி உள்ள கொண்டு வந்தது?"

"நான்தான்க்கா. ஏன்?"

அவர் என் கையைப் பிடித்து விறுவிறு என்று அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். 

"எங்கப்பா உசிரோட ஒரு போட்டோ எடுத்துக்கிட்டதில்ல. காடு மேடுன்னு உழைச்ச மனுஷன், அதுக்கெல்லாம் எங்க நேரம்? செத்த அன்னைக்கு, ஒரு படமாவது இருக்கட்டும், ஊருக்கு அனுப்பணும்னு அண்ணன் ஓடிப் போயி வேலாயுதத்தக் கூட்டிட்டு வந்தாரு. தோட்டத்து லயத்து வீட்டுல நாற்காலி ஏது? போட்டோக்காரரே வண்டில கொண்டு வருவாரு. குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, இதுல உக்கார வச்சாங்க. சரிஞ்சு சரிஞ்சு விழுந்தாரு. ஈரத்துணிய இடுப்புல சுத்தி, அந்தக் கொடி ஓட்டைல விட்டுப் பின்னாடி முடிச்சுப் போட்டாங்க. கண்ணை வேலாயுதம்தான் விரலால தொறந்து விட்டாரு. கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்த கால் கட்டை மட்டும் அவுக்கல. வேட்டி மறைச்சுக்கும்னு விட்டுட்டாங்க."

"அப்ப அந்தப் படம்..."

"செத்தப்புறம் எடுத்ததுதான்டி. செந்தூல்ல, அம்பாங்குல, நீ பார்த்தது எல்லாமே அப்படித்தான். உசிரோட இருக்கறவங்க யாரு இதுல உக்காருவா?"

 தெரிஞ்சேதான் கேக்கறீங்களா என்று அந்த மனிதர் கேட்டது காதில் விழுந்தது. தெரிஞ்சேதான் என்று சொன்ன என் குரலும் விழுந்தது. வெளியே மழை எப்போது பிடித்தது என்று தெரியவில்லை, ஓட்டின் மேல் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பளீரென்று ஒரு வெளிச்சம் அடுப்படி வரை வந்தது. இடி இல்லை. அந்தக் கருகின நெடி. பாக்கியம் அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "போட்டோ மருந்து வாசனைடி இது, படம் எடுக்கறப்ப வெளிச்சத்துக்குத் தட்டுல கொட்டிக் கொளுத்துவாங்களே" என்றார். இரண்டு பேரும் கூடத்துக்கு ஓடினோம்.

அவர் வந்திருக்கிறார். மழைச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. சட்டை கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, கை முழங்காலில், கண் அகலத் திறந்து. ஆனால் இந்தத் தடவை நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை. தோளைப் பிடித்து இழுத்தேன், தலை மட்டும் சரிந்தது, உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நானும் பாக்கியம் அக்காவும் சேர்ந்து இழுத்தோம். நாற்காலிதான் நகர்ந்தது, அவர் வரவில்லை.

"பின்னாடி, பின்னாடி!" என்று பாக்கியம் அக்கா கத்தினார்.

நான் நாற்காலிக்குப் பின்னால் போய் மண்டியிட்டேன். ஒன்றும் இல்லை. வெறும் மரம், வெறும் கொடி. அந்த வெளுத்த கோட்டின் மேல் கையை வைத்தேன். என் விரலில் துணி தட்டியது. ஈரத்துணி. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கையில் இருந்தது, தண்ணீர் முழங்கைவரை சொட்டியது, முறுக்கி இறுக்கின முடிச்சு. என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை. அதை நகத்தால் பிராண்டினேன், இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாயில் சந்தனமும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு ருசி, இன்னும் என் நாக்கில் இருக்கிறது. என்னையறியாமல் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கட்டினவள் புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அப்போது எங்கே நினைவுக்கு வரும்? திரும்பத் திரும்பப் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது. அவர் முன்பக்கமாகத் தரையில் விழுந்தார். விழுந்த வேகத்தில் 'ஹா' என்று மூச்சு வந்தது. பாக்கியம் அக்கா மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்.

என் இரண்டு கையும் நனைந்திருந்தன. கூடத்துத் தரை காய்ந்து கிடந்தது.

மறுநாள் நாற்காலியை வண்டிக்காரரிடம் கொடுத்து, சுடுகாட்டில் வைத்துக் கொளுத்தச் சொல்லி அனுப்பினோம். கொளுத்தியாயிற்று என்று வந்து சொன்னார். பின்தெருச் சீனத் தச்சரிடம் போய், என் கண் முன்னாலேயே மரம் அறுத்து ஒரு பெஞ்சு செய்யச் சொல்லி வாங்கி வந்தேன். அதில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். லட்சணமாக இல்லைதான், ஆனால் அதில் முதலில் உட்கார்ந்தது நான், அது எனக்குத் தெரியும்.

அவருக்கு உடம்பு தேறியது. சூடு வந்தது, சாப்பிட்டார், வேலைக்குப் போகிறார், வருகிறார். பாட்டுத்தான் திரும்பவில்லை. போகட்டும், ஆள் இருக்கிறாரே என்று கோயிலுக்குப் போகாத நான் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வந்தேன். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை. பாக்கியம் அக்கா இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறார், சந்தேகம் இருந்தால் போய்க் கேளுங்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அவர் தேறி எழுந்த புதிதில், ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது போர்வையைச் சரிசெய்யப் போனேன். மல்லாந்து படுத்திருந்தார். கால் கட்டைவிரல் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. தற்செயல் என்று நினைத்துப் பிரித்து வைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நகர்ந்து திரும்பவும் ஒட்டிக்கொண்டன. நடுவே தலையணை வைத்துப் பார்த்துவிட்டேன், சுவரோரம் தள்ளிக் கிடக்கும். விழித்திருக்கும்போது ஒன்றும் இல்லை, நடக்கிறார், ஓடுகிறார். கண் மூடினால் போதும். ஏழெட்டு வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கால் கட்டை அவுக்கல என்று பாக்கியம் அக்கா அடுப்படியிலேயே சொன்னார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இடுப்பு முடிச்சை அவிழ்த்ததும் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் காலைப் பார்க்கவே இல்லை. இப்போது விரல்களுக்கு நடுவே தடவிப் பார்க்கிறேன், என் கைக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. நாற்காலியும் இல்லை, எங்கே போய்த் தேடுவேன்?

மழை வருகிறது போல இருக்கிறது. அவர் உள்ளறையில் படுத்திருக்கிறார், இப்போதுதான் கண் அசந்தார். நம்பிக்கை இல்லையென்றால் சத்தம் போடாமல் போய்க் கால்மாட்டில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.